டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் பூட்டினால் ஏன் பூட் ஆவதில்லை?

மட்டக்களப்பில் ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் கொம்பியூட்டர் திருத்தும் கடைகளுக்கு ஒரே மாதிரியான முறைப்பாடு வரும். மதர்போர்ட் எரிந்துவிட்டது, டிஸ்க் மட்டும் தப்பிவிட்டது. போர்ட் மாற்றக் கேட்கும் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் பாவித்த லெப்டொப் ஒன்றே வாங்கிவிடலாம். ஆகவே கொழும்பு யூனிட்டி பிளாசாவிலோ, கல்முனையில் தெரிந்த ஒருவரிடமோ ஒன்றை எடுத்து, பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் பூட்டுகிறார்கள். பழையதில் விண்டோஸும், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தொடங்கும்போது இரண்டில் எது வேண்டும் என்று ஒரு மெனு கேட்கும். இப்போது அந்த மெனுவும் இல்லை, விண்டோஸும் இல்லை. கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று ஒரு வரி மட்டும் நிற்கிறது.

‘அண்ணன், டிஸ்க்கும் போயிட்டு போல’ என்று வந்து நிற்கும் கெம்பஸ் தம்பிமாரிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எதையும் ஃபோர்மட் பண்ணிவிடாதீர்கள். டிஸ்க்குக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கணினி தொடங்குவதற்குத் தேவையான எல்லாமே டிஸ்க்கில் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. அதில் ஒரு பங்கு மதர்போர்டில் இருக்கிறது, டிஸ்க்கைக் கழற்றும்போது அது பழைய கணினியிலேயே தங்கிவிடுகிறது. எது தங்கிவிட்டது என்று தெரிந்தால் திருத்துவது பெரிய வேலை இல்லை.

பவர் பட்டனை அழுத்தியதும் நடப்பது

முதலில் விழிப்பது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் பதிந்திருக்கும் ஒரு சிறு மென்பொருள்தான் முதலில் விழிக்கிறது. எல்லோரும் பழக்கத்தில் பயோஸ் என்கிறோம். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வந்த கணினிகளில் இருப்பது அதன் அடுத்த தலைமுறையான யூஇஎஃப்ஐ. அது நினைவகம், கீபோர்ட், டிஸ்க் எல்லாவற்றையும் ஒருக்கா பார்த்துவிட்டு, ‘யாரை எழுப்ப வேண்டும்’ என்று தன்னிடம் உள்ள ஒரு பட்டியலைப் பார்க்கும். அந்தப் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மெனேஜர்’, ‘உபுண்டு’ என்று பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், எந்த டிஸ்க்கின் எந்தப் பகுதியில் எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்ற முகவரியும் இருக்கும்.

அந்தக் கோப்புகள் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிஸ்க்கில் இஎஃப்ஐ பகுதி என்று சின்னதாக ஒரு துண்டு பிரிக்கப்பட்டிருக்கும். பென் டிரைவில் பாவிக்கும் அதே எஃப்ஏடி32 வடிவம். விண்டோஸ் தானாகப் பிரித்தால் பெரும்பாலும் 100 எம்பி அளவில் வைக்கும். அதற்குள் மைக்ரோசொஃப்ட் என்று ஒரு கோப்புறை, உபுண்டு என்று ஒரு கோப்புறை. ஃபைல் எக்ஸ்புளோரரில் இது கண்ணில் படாது என்பதால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ‘என்னவோ சின்னப் பகுதி, தேவையில்லை’ என்று அழித்துவிட்டு வந்து நிற்பவர்களும் உண்டு.

கோப்புகள் டிஸ்க்கில். பட்டியலோ மதர்போர்டில். களுவாஞ்சிகுடியில் இருந்த ஒரு குடும்பம் சட்டி பானையோடு ஏறாவூருக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள், சாமான் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஏறாவூர் வாக்காளர் இடாப்பில் அவர்கள் பெயர் இல்லை. தேர்தலன்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிஸ்க்கை மாற்றிப் பூட்டும்போது நடப்பதும் இதுதான்.

இப்படிப் பெயர் இல்லாத டிஸ்க்குக்கும் யூஇஎஃப்ஐ ஒரு வழி வைத்திருக்கிறது. இஎஃப்ஐ பகுதிக்குள் பூட் என்று ஒரு கோப்புறையும், அதற்குள் பூட்எக்ஸ்64 என்று ஒரு கோப்பும் இருந்தால், பட்டியலில் இல்லாவிட்டாலும் அதைத் திறந்து பார்க்கும். முதலில் இது பென் டிரைவ் போன்ற கழற்றி மாட்டும் சாமான்களுக்காக வந்த ஏற்பாடு. ஆனால் பெரும்பாலான மதர்போர்ட்கள் உள்ளே பூட்டிய டிஸ்க்கிலும் அதைத் தேடும். அங்கே விண்டோஸின் பிரதி இருந்தால், டிஸ்க்கை மாற்றியதும் மெனு எதுவும் வராமல் நேரே விண்டோஸ் வந்துவிடும். ‘உபுண்டு அழிந்துவிட்டது’ என்று பதறுவது இந்த இடத்தில்தான். அது அழியவில்லை, அதை யாரும் கூப்பிடவில்லை. அங்கே லினக்ஸின் பிரதி இருந்தால் மெனுவும் வந்து, காணாமல் போன பெயரும் தானாகவே பட்டியலில் ஏறிவிடக்கூடும். அந்த அதிர்ஷ்டம் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

டிஸ்க் கண்ணில் படுகிறதா?

திருத்தத் தொடங்குவதற்கு முன் பயோஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். டெல், ஏசர், அசுஸ் லெப்டொப்களில் பெரும்பாலும் எஃப் 2, எச்பியில் எஃப் 10, லெனோவோவில் எஃப் 1 அல்லது எஃப் 2. பவரை அழுத்தியவுடன் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு தடவை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் நடக்காது.

பெயரே தெரியவில்லை என்றால் பிரச்சினை வேறு. எம்.2 வகை எஸ்எஸ்டியில் இரண்டு சாதி உண்டு, பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிதான். தங்க நிறப் பல் வரிசையில் இரண்டு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா வகை, ஒரு வெட்டு மட்டும் என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. ஸ்டிக்கரில் எழுதியிருப்பதையும் ஒருக்கா வாசித்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சாட்டா எம்.2 டிஸ்க், என்விஎம்இ மட்டும் ஏற்கும் இடத்தில் அழகாகப் பொருந்தும், திருகாணியும் பூட்டலாம். ஆனால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. அப்படி மாட்டிக்கொண்டால் சாட்டா எம்.2 ஏற்கும் யூஎஸ்பி உறை ஒன்று வாங்கி, கோப்புகளை முதலில் வெளியே எடுப்பதுதான் புத்தி.

பெயர் தெரிகிறது, ஆனாலும் பூட் ஆகவில்லை என்றால் மேலே படியுங்கள்.

பழைய முறையா, புதிய முறையா

இதை முதலில் தீர்க்காமல் வேறு எதைச் செய்தாலும் நேரம்தான் வீண். பழைய பயோஸ் காலத்து முறைக்கு லெகசி என்று பெயர். அதில் தனியாக இஎஃப்ஐ பகுதி இல்லை. டிஸ்க்கின் முதல் 512 பைட்தான் எல்லாம். அதில் 446 பைட் தொடக்க நிரல், 64 பைட் பகுதிகளின் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளம். அட்டவணையில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்குத்தான் இடம், 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுதாக ஆளவும் முடியாது. இந்த வகை டிஸ்க்கை எம்பிஆர் என்பார்கள். புதிய முறையில் வருவது ஜிபிடி.

லெகசியில் ஒரு நல்ல குணம் உண்டு. பட்டியல் எதுவும் மதர்போர்டில் இல்லை. டிஸ்க்கின் முதல் துண்டை வாசித்து அப்படியே ஓடும். ஆகவே லெகசி டிஸ்க்கை லெகசி கணினிக்கு மாற்றினால் லினக்ஸ் பெரும்பாலும் சத்தமில்லாமல் எழும்பிவிடும். சிக்கல், பழைய கோர் 2 டுவோ கணினியின் எம்பிஆர் டிஸ்க்கைப் புதிய லெப்டொப்பில் பூட்டும்போது வருகிறது. பயோஸில் ‘சிஎஸ்எம்’ அல்லது ‘லெகசி சப்போர்ட்’ என்று ஒரு வரி இருந்தால் அதைப் போட்டுவிடலாம். 2020க்குப் பிறகு வந்த பல லெப்டொப்களில் அந்த வரியே கிடையாது.

அப்போது என்ன செய்வது? எம்பிஆர் டிஸ்க்கை அழிக்காமல் ஜிபிடியாக மாற்ற விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில் இருந்து ஒரு கருவி உள்ளே வருகிறது. ஆனால் அது விண்டோஸ் மட்டும் இருக்கும் டிஸ்க்குக்காகச் செய்தது. முதன்மைப் பகுதி மூன்றுக்கு மேல் இருந்தாலோ, விரிவாக்கப்பட்ட பகுதி இருந்தாலோ மறுத்துவிடும். பக்கத்தில் லினக்ஸ் வைத்திருக்கும் டிஸ்க்கில் பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். என்னைக் கேட்டால், இந்த ஒரு நிலைமையில் மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம். கோப்புகளை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாகவே இரண்டையும் போடுங்கள். மற்ற நிலைமைகள் எல்லாம் திருத்தக்கூடியவை.

பெயரைத் திரும்பப் பதிவது

ஜிபிடி டிஸ்க், யூஇஎஃப்ஐ லெப்டொப், டிஸ்க் தெரிகிறது, ஆனால் உபுண்டு மெனு வரவில்லை. அடிக்கடி காண்பது இதுதான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சில பயோஸ்களில் பூட் பக்கத்திலேயே ‘அட் பூட் ஒப்ஷன்’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியைக் காட்டும். இஎஃப்ஐ கோப்புறை, அதற்குள் உபுண்டு கோப்புறை, அதற்குள் ஷிம்எக்ஸ்64 என்ற கோப்பு. அதைத் தெரிவுசெய்து, ‘உபுண்டு’ என்று ஒரு பெயர் கொடுத்து, வரிசையில் முதலாவதாக ஏற்றி, சேமித்து வெளியே வாருங்கள். இரண்டு நிமிட வேலை, பென் டிரைவ்கூடத் தேவையில்லை. பக்கத்திலேயே குரப்எக்ஸ்64 என்று ஒன்றும் கிடக்கும், எது வேண்டும் என்று கேட்கும் மெனுவைக் காட்டும் குரப் என்ற நிரல் அதுதான். கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் போட்டிருக்கும் கணினியில் ஷிம்மைத்தான் எடுக்க வேண்டும். மைக்ரோசொஃப்டின் கையொப்பம் அதில்தான் இருக்கிறது, குரப்பை அதுவே கூப்பிட்டுக்கொள்ளும். ‘அட் பூட் ஒப்ஷன்’ வரி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தால், சில லெப்டொப்களில் முதலில் பயோஸுக்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்த பிறகே அது உயிர்பெறும். அந்தப் பாஸ்வேர்டைக் கட்டாயம் எழுதி வையுங்கள்.

அப்படி ஒரு வசதியே இல்லை என்றால் பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் போட்டு எடுங்கள். உபுண்டுவைத் திருத்தவும் மின்ட் சரிதான். நான் மின்டைச் சொல்வதற்குக் காரணம், அதன் லைவ் பதிப்பில், அதாவது நிறுவாமல் பென் டிரைவில் இருந்தே ஓடும் பதிப்பில், நிர்வாகப் பிரிவின் கீழ் ‘பூட் ரிப்பேர்’ என்ற கருவி ஏற்கெனவே இருக்கிறது. தேடித் தரவிறக்கத் தேவையில்லை. போன் ஹொட்ஸ்பொட்டில் இன்டர்நெட் கொடுத்துவிட்டு அதைத் திறந்து, பரிந்துரைத்த திருத்தம் என்ற பெரிய பட்டனை அழுத்தினால் போதும். இஎஃப்ஐ பகுதியைக் கண்டுபிடித்து, குரப்பை மறுபடி நிறுவி, மதர்போர்டின் பட்டியலில் பெயரையும் எழுதிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பென் டிரைவில் இருந்து தொடங்க எஃப் 12 அல்லது எஃப் 9 அழுத்தி மெனு எடுக்கும்போது, ஒரே பென் டிரைவ் சில கணினிகளில் இரண்டு தடவை தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. யூஇஎஃப்ஐ உள்ளதையே எடுங்கள். லெகசி வழியாக உள்ளே போனால் லைவ் லினக்ஸுக்கு மதர்போர்டின் பட்டியலைத் தொடவே முடியாது. திருத்தம் ‘வெற்றி’ என்று சொல்லிவிட்டு அடுத்த தடவையும் அதே கறுப்புத் திரை வருவது பெரும்பாலும் இதனால்தான்.

விண்டோஸின் கோப்புகளே பழுதாகியிருந்தால் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவால் தொடங்கி, ‘ரிப்பேர் யுவர் கொம்பியூட்டர்’ பக்கம் போய் முதலில் ஸ்டார்ட்டப் ரிப்பேரை ஓடவிடுங்கள். அது கையை விரித்தால் அதே இடத்தில் கட்டளைத் திரை உண்டு. பிசிடிபூட் என்ற கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறை எங்கே, இஎஃப்ஐ பகுதி எங்கே என்ற இரண்டையும் சொன்னால், தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதித் தரும். அதற்கு முன் டிஸ்க்பார்ட் என்ற கட்டளை கொண்டு இஎஃப்ஐ பகுதிக்கு ஒரு டிரைவ் எழுத்துக் கொடுக்க வேண்டும். எழுத்துகள் இங்கே வழக்கம்போல இருக்காது. வழக்கமான சி டிரைவ் இந்தத் திரையில் டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து உறுதிப்படுத்தாமல் கட்டளையைத் தட்டாதீர்கள். இரண்டையும் திருத்த வேண்டி வந்தால் விண்டோஸை முதலில் திருத்துங்கள், குரப்பைப் பிறகு. விண்டோஸ் தன்னை எப்போதும் வரிசையில் முதலாவதாக வைத்துக்கொள்ளும் சாதி.

சரி, குரப் மெனு வந்துவிட்டது, ஆனால் அதில் விண்டோஸைக் காணவில்லை. குரப்பின் 2.06 பதிப்பில் இருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலையை இயல்பிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பாதுகாப்புக் காரணத்துக்காக. உபுண்டுவுக்குள் போய், எட்சி கோப்புறையில் உள்ள டிஃபோல்ட் கோப்புறைக்குள் குரப் என்ற கோப்பைத் திறந்து, அந்தத் தேடலைச் செய்யும் ஓஎஸ்-புரோபரை முடக்கும் வரியில் ‘பொய்’ என்று பொருள்படும் ஃபோல்ஸ் போட்டுச் சேமித்து, குரப்பைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸ் வந்து சேரும்.

விண்டோஸ் நீலமாகி நின்றால்

விண்டோஸின் சின்னம் வருகிறது, வட்டம் சுற்றுகிறது, பிறகு நீலத் திரையில் ‘இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்’. இதற்கும் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. தொடக்கம் சரியாகத்தான் நடந்தது. பாதி வழியில், தான் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கையே விண்டோஸால் வாசிக்க முடியவில்லை. டிஸ்க்கோடு பேசும் விதத்தை மதர்போர்ட் தீர்மானிக்கிறது. ஏஎச்சிஐ ஒன்று, ரெய்ட் அல்லது இன்டெல் ஆர்எஸ்டி இன்னொன்று. இன்டெல் 11ஆம் தலைமுறையில் இருந்து பல லெப்டொப்களில் விஎம்டி என்ற பெயரில் இது வருகிறது. பழைய கணினியில் ஏஎச்சிஐயில் பழகிய விண்டோஸுக்குப் புதியதில் விஎம்டி போட்டிருந்தால் அதற்கான டிரைவர் இருக்காது.

பயோஸில் சேமிப்புப் பக்கத்தில் இதை ஏஎச்சிஐக்கு மாற்றினாலோ, விஎம்டியை நிறுத்தினாலோ பெரும்பாலும் தீர்ந்துவிடும். லினக்ஸுக்கும் அதுதான் நல்லது. ஆர்எஸ்டி போட்டிருக்கும் சில கணினிகளில் லினக்ஸுக்கு என்விஎம்இ டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. பழைய கணினியில் ஆர்எஸ்டி இருந்து, புதியதில் ஏஎச்சிஐ என்றால் விண்டோஸை ஒரு தடவை சேஃப் மோடில் எழுப்பிவிடுங்கள். அந்த முறையில் அது அடிப்படை டிரைவர்களை எல்லாம் ஏற்றிப் பார்க்கும், பிறகு சாதாரணமாகவே எழும்பும். எழும்பாத விண்டோஸை எப்படிச் சேஃப் மோடுக்குக் கொண்டுபோவது என்கிறீர்களா? இரண்டு மூன்று தடவை தொடர்ந்து தோற்றால் அதுவே திருத்தும் திரைக்குப் போகும். அங்கே ட்ரபிள்ஷூட், மேலதிகத் தெரிவுகள், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், பிறகு எண் 4.

48 இலக்கம் கேட்டால்

வேறு ஒரு நீலத் திரையும் உண்டு. அது பிழைச் செய்தி காட்டாது, பிட்லொக்கர் மீட்புத் திறவுகோல் என்று 48 இலக்கங்களைக் கேட்கும். இந்தக் கட்டுரையில் உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம் இது ஒன்றுதான். விண்டோஸ் பகுதி முழுவதும் குறியாக்கம் செய்து பூட்டுப் போடப்பட்டிருக்கிறது, சாவி பழைய மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சில்லில் இருந்தது. அந்தப் போர்ட்தான் மின்னலோடு போய்விட்டதே.

‘நான் பிட்லொக்கர் போடவே இல்லையே’ என்பார்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு விண்டோஸைத் தொடங்கினால் பல கணினிகளில் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இருந்து இன்னும் கூடுதலான கணினிகளில் அப்படி. சாவியின் பிரதி அந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். போனிலேயே கணக்கைத் திறந்து சாதனங்கள் பக்கத்தில் பார்க்கலாம். இங்கே நம் ஊரில் ஒரு தலையிடி உண்டு. லெப்டொப் வாங்கியபோது விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் தன் கைக்கு வந்த ஏதோ ஒரு ஈமெயிலைப் போட்டுத் தொடங்கியிருப்பார். வாங்கியவருக்கு அந்த ஈமெயில் என்னவென்றே தெரியாது. சாவி இல்லையென்றால் அந்த விண்டோஸ் பகுதியில் உள்ளதை யாராலும் எடுத்துத் தர முடியாது, எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பவும் வேண்டாம். லெப்டொப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றே செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போட்டிருந்தால் அந்த 48 இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். செக்யூர் பூட்டைக் கைவைப்பதற்கு முன்னும் இதைச் செய்ய வேண்டும். அதை மாற்றினாலும் பிட்லொக்கர் சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும்.

லினக்ஸ் ஒன்றரை நிமிடம் யோசித்தால்

லினக்ஸ் இடம் மாறுவதில் பொதுவாக விண்டோஸை விடச் சாது. டிரைவர்களை ஒவ்வொரு தடவையும் தொடக்கத்திலேயே தேடிப் போட்டுக்கொள்ளும். டிஸ்க் பகுதிகளையும் அது பெயரால் தேடாமல் யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண்ணால்தான் தேடும். ஆகவே பழைய கணினியில் ஒரு பெயரும் புதியதில் வேறு பெயரும் இருந்தாலும் குழம்பாது.

குழம்பும் இடம் இது. பழைய டெஸ்க்டொப்பில் இரண்டு டிஸ்க் இருந்தன: உபுண்டு உள்ள எஸ்எஸ்டி, படங்களும் பாட்டும் உள்ள பெரிய ஹார்ட் டிஸ்க். நீங்கள் எஸ்எஸ்டியை மட்டும் லெப்டொப்புக்குக் கொண்டுவந்தீர்கள். தொடங்கும்போது திரையில் ஒரு சிவப்பு நட்சத்திரக் கோடு இங்கும் அங்கும் ஓட, ஏதோ ஒரு யூயூஐடிக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி 1 நிமிடம் 30 செக்கன் வரை எண்ணும். பிறகு ‘எமெர்ஜென்சி மோட்’ என்று நின்றுவிடும். வராத ஹார்ட் டிஸ்க்குக்காகத்தான் அந்தக் காத்திருப்பு. எட்சி கோப்புறையில் எஃப்எஸ்டாப் என்ற கோப்பில் அந்த டிஸ்க்கின் வரி இன்னும் இருக்கிறது. லைவ் பென் டிரைவால் தொடங்கி, அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டால் முடிந்தது. டிஸ்க் எப்போதாவது வரும் போகும் என்றால் அதே வரியின் தெரிவுகளில் நோஃபெயில் என்று சேர்க்கலாம்.

இதற்கு நேர் எதிரான சிக்கல், டிஸ்க்கை அப்படியே குளோன் பண்ணியவர்களுக்கு வரும். பழையதும் புதியதும் ஒரே யூயூஐடியோடு ஒரே கணினியில் பூட்டியிருக்கும். லினக்ஸ் எந்த டிஸ்க்கை எடுக்கும் என்று சொல்ல முடியாது, விண்டோஸ் ஒன்றை ஓரங்கட்டிவிடும். ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

குரப் மெனுவில் உபுண்டுவைத் தெரிந்த பிறகு திரை முழுக் கறுப்பாகி நின்றால் அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்ட் விவகாரம். பழையதில் என்விடியா டிரைவர் போட்டிருந்தவர்கள் இதைக் காண்பார்கள். மெனுவில் ஈ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்து எஃப் 10 அழுத்தினால் ஒரு தடவைக்கு உள்ளே போகலாம். அப்புறம் டிரைவரைச் சரிப்படுத்திக்கொள்ளலாம்.

நேற்று வந்தது, இன்று வரவில்லை

பாவித்த டெஸ்க்டொப் வாங்கியவர்கள் சொல்லும் முறைப்பாடு. டிஸ்க்கைப் பூட்டி, பயோஸில் எல்லாம் திருத்தி, இரண்டு இயங்குதளமும் ஓடின. இரவு கரண்ட் போனது. காலையில் மறுபடி பழைய கறுப்புத் திரை. பயோஸுக்குள் போய்ப் பார்த்தால் திகதி ஏதோ ஒரு பழைய வருடத்தில் நிற்கும். மதர்போர்டில் உள்ள காசு வடிவப் பற்றரி, சிஆர் 2032, தீர்ந்துவிட்டது. கரண்ட் போனதும் நீங்கள் மாற்றிய ஏஎச்சிஐ, லெகசி எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும் சின்னப் பற்றரி அது. பாவித்த போர்ட் ஒன்றை வாங்கும் நாளிலேயே மாற்றிவிடுவது நல்லது.

கழற்றுவதற்கு முன்

பழைய கணினி இன்னும் ஓடுகிறது, விருப்பத்தோடுதான் மாற்றுகிறீர்கள் என்றால் வேலை பாதியாகிவிடும். பிட்லொக்கரை இடைநிறுத்துங்கள், அல்லது முற்றாக நீக்குங்கள். விண்டோஸை ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் பண்ணுங்கள். விண்டோஸ் 8இல் இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. சும்மா ஷட்டவுன் பண்ணினால் அது உண்மையில் பாதித் தூக்கத்தில்தான் கிடக்கும். அந்த நிலையில் கழற்றிய டிஸ்க்கை வேறு கணினியில் எழுப்பினால், தூங்கும்போது இருந்த வன்பொருளைத் தேடும். லினக்ஸும் அந்த விண்டோஸ் பகுதியை வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது. பழைய பயோஸின் பூட் பக்கத்தையும் சேமிப்புப் பக்கத்தையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். புதியதில் எதை எப்படி வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த இரண்டு படங்களே விடை.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு விண்டோஸ் ‘அக்டிவேட் பண்ணுங்கள்’ என்று கேட்கலாம். உரிமம் பழைய மதர்போர்டோடு கட்டியிருந்தது, ஆகவே அது எதிர்பார்க்க வேண்டியதே. வாங்கிய லெப்டொப்போடு விண்டோஸ் வந்திருந்தால் அதன் உரிமம் பெரும்பாலும் அந்தப் போர்டிலேயே இருக்கும். அதே பதிப்பு என்றால் இன்டர்நெட் கொடுத்ததும் தானே சரியாகிவிடும்.

இன்னொன்று, உபுண்டுவில் இருந்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்பதைக் கண்டு பற்றரியைச் சந்தேகிக்காதீர்கள். மதர்போர்டின் கடிகாரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது, உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. இலங்கைக்கு அந்த வித்தியாசம் சரியாக 5.30. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் ஒரு வரிக் கட்டளை டைம்டேட்சிடிஎல் என்பதில் இருக்கிறது. ஒரு தடவை கொடுத்தால் போதும்.